தப்பான எஞ்சின்

சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். பெயர் கார்த்திக், கம்ப்யூட்டர் வேலை. பழைய ஜீப்புகளை வாங்கி, கம்பெனியிலிருந்து வந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே ஆக்குவது அவருக்கும் நண்பர்களுக்கும் பொழுதுபோக்காம். வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் கிடந்த ஜீப்பை வாங்கியிருக்கிறார். எப்போதோ எங்கள் குடிநீர்த் துறை ஏலத்தில் விட்ட வண்டி. பானெட்டின் உட்புறம் பெரம்பலூர் ஒர்க்‌ஷாப் என்று பெயின்ட்டில் எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, ஓய்வுபெற்றவர்களை ஒவ்வொருவராக விசாரித்து என்னிடம் வந்து சேர்ந்தார்.

"மேடம், வண்டி எழுபதுகள்ல செஞ்சது. உள்ள இருக்கற எஞ்சின் யுத்த காலத்து மாடல். யாரோ விவரம் இல்லாதவங்க தப்பான எஞ்சினைத் தூக்கி வச்சிருக்காங்க. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான்."

உடனே மன்னிப்புக் கேட்டார். பிறகு, சூழ்நிலையை இலகுவாக்க நினைத்தாரோ என்னவோ, வண்டியின் டூல் பாக்ஸில் கிடைத்தவற்றைச் சொன்னார்: துருப்பிடித்த ஸ்பானர் இரண்டு, ஸ்பார்க் பிளக் ஒன்று, ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. "டிரைவர் போற வழியில குளிச்சுட்டுத்தான் போவாரு போல" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நம் ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டு நாளாகிறது. எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்காக எழுதுகிறேன்.

நான் திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவள். எங்கள் வகுப்பில் இரண்டே பெண்கள். மற்றவள் வரைபட அலுவலகத்துக்குப் போய்விட்டாள். எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூர் ஒர்க்‌ஷாப்பில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் பிரிவின் வேலை கிராமங்களுக்குக் குடிநீர் ஆழ்துளைக் கிணறு போடுவது. துளைபோடும் லாரிகளும், அவற்றுக்கு முன்னால் போய் இடம் பார்க்கும் ஜீப்புகளும் பழுதுபார்க்க எங்களிடம் வரும். பெண் வந்திருக்கிறாள் என்றதும் என்னை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். போல்ட்டும் நட்டும் எண்ணு, பட்டியல் போடு என்றார்கள். பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆறே மாதத்தில் எந்த உதிரிபாகம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காமல் ஒரு வண்டிகூட வெளியே போக முடியாது என்ற நிலை வந்தது. அதன் பிறகு தாமாகவே என்னை ஷெட்டுக்குள் விட்டார்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பொறுப்பு கோதண்டபாணி சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எப்போதும் வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது. கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். எந்த எஞ்சினையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. மூன்றடி தள்ளி நின்று குனிந்து பார்ப்பார். "கண்ணு எதுக்கு இருக்கு?" என்பது அவர் பேச்சில் அடிக்கடி வரும். ஆயில் கறுத்ததா, பெல்ட் தளர்ந்ததா, போல்ட் இறுகியதா, எல்லாவற்றையும் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அளந்து பார்க்கலாமா சார் என்று கேட்டால், அளவுகோல் வைத்துப் பார்ப்பது கண்பார்வை இல்லாதவர்கள் வேலை என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

தினமும் காலையில் அவர் நடத்திய ஒரு சடங்கு உண்டு. ஜீப்புகள் வரிசையாக பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும். ஷெட் ஓரத்தில் பெரிய இரும்பு டிரம். அதில் அரியலூரிலிருந்து லாரியில் வரும் தண்ணீர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பழைய பள்ளங்களில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடி ஆழத்தில் கிடக்கும் கல்கூடத் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். பழைய வண்டிகளைப் போட்டுவைக்கும் எங்கள் யார்டு அங்கே இருந்ததால் அந்தத் தண்ணீரைப் பிடித்து வர ஏற்பாடு செய்தவர் கோதண்டபாணி சார். அதற்கு முன் பெரம்பலூர் ஏரித் தண்ணீரைத்தான் ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். அது செம்மண் கலங்கல். "சாக்கடையை எஞ்சினுக்கு ஊத்துறானுங்க" என்று அதை நிறுத்தினார்.

ஒவ்வொரு டிரைவரும் டிரம்மிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்ட வேண்டும். சார் அதை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் ரேடியேட்டருக்கு ஊற்றலாம். கோயிலில் தீபம் காட்டும்போது நிற்பதுபோல டிரைவர்கள் நிற்பார்கள்.

குடிநீர்க் கிணறு போடும் துறை எங்களுடையது. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் விழுந்த கிணறுகளை, தண்ணீர் கடினம், பருப்பு வேகாது என்று மூடிவிட்டு வேறு இடம் பார்த்த துறை. அந்தத் துறையின் ஒர்க்‌ஷாப்பில், மனிதர்களுக்கு ஆகாது என்று நாங்களே தள்ளிய தண்ணீரைக் கொதிக்கும் எஞ்சினுக்குள் தினமும் ஊற்றிக்கொண்டிருந்தோம். அடுத்த கட்டடத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் பிரிவு இருந்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அரியலூருக்குப் போகும்வரை.

அங்கே நான் போகக் காரணம் சின்னதுரையின் ஜீப். சின்னதுரை தினக்கூலி டிரைவர், வேப்பந்தட்டைக்காரர். நிலமில்லாத குடும்பம், அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்கு மிக அருகில் வந்திருந்த முதல் ஆள். பல வருடம் தினக்கூலியாக ஓட்டிய பிறகு, நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. அந்த நேரத்தில்தான் பச்சைமலை ஏறும் கல் ரோட்டில் அவர் ஜீப் கொதித்து, இறுகி, நின்றது. லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள்.

பிட்டர் ஷேக் தாவூத் பாய் எஞ்சினின் தலையைக் கழற்றினார். கடைசி சிலிண்டருக்கு மேலே விரிசல். உள்ளே பிஸ்டன் சுவரைப் பிறாண்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

"மவுத்தும்மா. கபன் துணி போர்த்த வேண்டியதுதான்" என்றார் பாய்.

கோதண்டபாணி சார் மூன்றடி தள்ளி நின்று பார்த்தார். கைகள் பின்னால். "தண்ணி இல்லாம ஓட்டியிருக்கான்" என்றார்.

"இல்லீங்க சார், தண்ணி இருந்துச்சுங்க. மூடியத் தொறந்தேன், மூஞ்சில அடிச்சிச்சுங்க. இந்தா பாருங்க" என்று சின்னதுரை கன்னத்தில் இருந்த கொப்புளத்தைக் காட்டினார்.

"தண்ணி இருந்தா எஞ்சின் ஏன் இறுகுது? கண்ணாடி மாதிரி தண்ணி குடுக்கறேன். அதை ஊத்தறதுக்கு உனக்கு வலிக்குது."

அன்றே குறிப்பாணை வந்தது. கவனக்குறைவால் அரசு வாகனத்தை நாசமாக்கியதாக. பதிலைப் பார்த்து, திருச்சியிலிருந்து செயற்பொறியாளர் வந்து முடிவெடுப்பார். தினக்கூலி ஆளை நிறுத்த விசாரணைகூட வேண்டாம். நாளையிலிருந்து வராதே என்றால் போதும். சின்னதுரைக்கு அது தெரியும். மறுநாளும் வந்து, தன் வண்டியைச் சுற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். எஞ்சின் இல்லாத வண்டியில் துடைக்க என்ன இருக்கிறது?

புது எஞ்சினுக்கு எழுதினால் வர வருடமாகும். அதனால் ஒரு யோசனை வந்தது. அரியலூர் யார்டில் ராணுவ ஏலத்தில் எடுத்த மிகப் பழைய ஜீப் ஒன்று வேப்பமரத்தடியில் கிடந்தது. உடம்பு மட்கிவிட்டது, எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று யார்டுக்காரர்கள் சொன்னார்கள். அதைக் கழற்றி இதில் வைக்கலாமா என்று சார் என்னைக் கேட்டார். தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை, தப்பாகப் போனால் பெயர் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார். வைக்கலாம் என்றேன்.

இந்த இடத்தில் கார்த்திக் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு எஞ்சின்களும் ஒரே வம்சம். கீழ்ப்பாதி கிட்டத்தட்ட ஒன்றே. பிற்கால எஞ்சினில் வால்வுகளில் பாதி மேலே தலைக்குள் போய்விட்டன, அதனால் அது உயரம்; பழையதில் எல்லாம் பக்கவாட்டில், அதனால் குட்டை. உயரமான எஞ்சினுக்காக உயர்த்திய பானெட்டுக்குள் குட்டை எஞ்சின் தாராளமாக உட்காரும். கியர்பாக்ஸோடு சேரும் துளைகள் பொருந்தும். பொருந்தாதவை வேறு. பழையது ஆறு வோல்ட் காலத்தது, அதன் பிளைவீல் பல் நம் ஸ்டார்ட்டரின் பல்லோடு சேராது. எனவே செத்த எஞ்சினின் பிளைவீலையும் கிளட்சையும் எடுத்து இதற்குப் போட வேண்டும். டைனமோவும் அப்படியே, அதைத் தாங்கும் பட்டை புதிதாக வளைக்க வேண்டும். கார்பரேட்டர் புதியதில் தலைமேல், பழையதில் பக்கவாட்டில். ஆக்சிலேட்டர் கம்பி நீளமும் வளைவும் மாறும். இவை எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக்கொண்டுதான் அரியலூருக்குக் கிளம்பினேன். "விவரம் இல்லாதவங்க" என்ற சொல்லை யோசித்துப் பயன்படுத்த வேண்டும்.

யார்டில் நானும் பாயும் எஞ்சினைக் கழற்றினோம். ஏர் பில்டருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஆயில் சம்ப் சுத்தமாக இருந்தது, சிலிண்டர் தேய்மானம் அளந்து பார்த்ததில் அனுமதிக்குள். ராணுவத்துக்காரர்கள் நன்றாகப் பார்த்துக்கொண்ட எஞ்சின். செயின் பிளாக்கில் தூக்கி லாரியில் ஏற்றும்போது முழங்கை வரை கிரீஸ். கை கழுவப் போனேன். சோப்பைத் தேய்க்கிறேன், நுரை வரவில்லை. தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டுகிறதே தவிர, கிரீஸ் போவதாக இல்லை.

"இந்தத் தண்ணி அப்படித்தாம்மா. பாதி சோப்பு கரைஞ்சாலும் நுரைக்காது. மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சுக்க" என்றார் பாய்.

"எந்தத் தண்ணி பாய்?"

"நம்ம டிரம்மு தண்ணிதான். பள்ளத்துத் தண்ணி."

நான் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடினத் தண்ணீர் என்ற பாடம் பாலிடெக்னிக்கில் முதல் வருடம். கொதித்தால் சுண்ணாம்பு படியும், பாய்லர் குழாயை அடைக்கும் என்று பரீட்சையில் படம் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் பாய்லரும் இந்த ஜீப்பும் ஒன்று என்று புரிய, கையில் கிரீஸ் ஆக வேண்டியிருந்தது. கோதண்டபாணி சாருக்கு இது ஏன் இத்தனை வருடம் தெரியவில்லை என்பதும் அப்போதே புரிந்தது. அந்த டிரம்மில் அவர் ஒரு நாளும் கை கழுவியதில்லை. கை அழுக்கானால்தானே கழுவ.

பெரம்பலூர் வந்ததும் முதல் வேலையாக, செத்த எஞ்சினின் பக்கவாட்டில் தண்ணீர் அறையை மூடியிருக்கும் தகடுகளைத் தட்டி எடுக்கச் சொன்னேன். முன்பக்கத் தகடு வந்தது, உள்ளே வெள்ளைப் பூச்சு. நடுவில் இருந்தது வந்தது, பூச்சு தடிமனாக இருந்தது. கடைசி சிலிண்டர் பக்கத்துத் தகட்டைத் தட்டினால், தகடு மட்டும் வந்தது, துளை திறக்கவில்லை. தகட்டின் அச்சிலேயே வார்த்ததுபோல வெள்ளைக் கல் அடைத்து நின்றது. பாய் உளியால் நெம்பினார். தட்டிலிருந்து இட்லி கழன்று வருவதுபோல முழுசாக வந்தது.

"அடேயப்பா. ரேடியேட்டர்ல தண்ணி ரொம்பி வழிஞ்சிருக்கும். ஆனா இந்த மூலைக்கு ஒரு சொட்டு வந்திருக்காது" என்றார் பாய்.

சின்னதுரை அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அப்ப நான் கொல்லலீங்களாம்மா?"

"இல்லை."

கல்லை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். மேஜைமேல் வைக்க விடவில்லை, தாள்கள் அழுக்காகும் என்றார். நின்றபடியே சொன்னேன். பள்ளத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது, சூட்டில் படிகிறது, கடைசி சிலிண்டரை அடைத்துவிட்டது, டிரைவர்மேல் தவறில்லை.

"நீ அந்தத் தண்ணியப் பாத்திருக்கியா வசந்தா?"

"பாத்திருக்கேன் சார்."

"அதுல சுண்ணாம்பு தெரிஞ்சுதா?"

"கரைஞ்சிருந்தா தெரியாது சார்."

"தெரியாதது எப்படிம்மா இருக்கும்? கண்ணு எதுக்கு இருக்கு?" என்றார். பிறகு அன்பாக, அது இன்னும் மோசம், "புஸ்தகத்துல படிச்சதை எல்லாம் வண்டியில தேடக் கூடாது. இது தண்ணி இல்லாம ஓட்டுனதால உள்ள காஞ்சு போன அழுக்கு. போயி எஞ்சினை ஏத்து. மலைக்கு டிரையல் போவோம். திரும்பக் கொதிச்சா அவனையும் அனுப்பிடலாம், வண்டியையும் கழிச்சிடலாம்" என்றார்.

எனவே பழைய எஞ்சின் கொதிக்கக் கூடாது. அதுவும் அரியலூரில் சில வருடம் பள்ளத்துத் தண்ணீர் குடித்ததுதான். உள்ளே விரலால் சுரண்டினால் வெள்ளை வந்தது. எடுக்க அமிலம் வேண்டும். சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் ஊற்று திறக்க ஊற்றும் அமிலம் எங்கள் ஸ்டோரிலேயே ஜாடி ஜாடியாக இருந்தது. ஆனால் சார் அனுமதி வேண்டும். சுண்ணாம்பை எடுக்க என்று கேட்டால் தர மாட்டார். சுண்ணாம்பு என்றால் அவர் தண்ணீரின் குற்றம். துரு எடுக்க என்று கேட்டேன். துரு என்றால் ராணுவத்தின் குற்றம். "பாத்தியா, மிலிட்டரிக்காரன் லட்சணம்" என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். அமிலம் துருவையும் எடுக்கும், நான் பொய் சொல்லவில்லை. ஒரு முட்டாள்தனத்தைத் தாண்டிப் போக அதன் மொழியிலேயே பேச வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எஞ்சினை ஸ்டாண்டில் வைத்து, துளைகளுக்கு மரக்கட்டை அடைத்து, நிறையத் தண்ணீர் கலந்த அமிலத்தை மேலிருந்து மெல்ல ஊற்றினோம். உள்ளே சோடா பாட்டிலைத் திறந்ததுபோல இரைந்தது. நுரை பொங்கி வழிந்தது. கட்டையை உருவியதும் வெள்ளைக் குழம்பு கொட்டியது.

"பேதிக்குக் குடுத்திருக்கோம். இன்ஷா அல்லா, வயிறு சுத்தமாயிடும்" என்றார் பாய். சின்னதுரை பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

இரைச்சல் நிற்கும்வரை மறுபடி மறுபடி செய்தோம். கடைசியில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி அமிலத்தை முறித்தோம், இல்லாவிட்டால் இரும்பையே தின்றுவிடும். புதுத் தகடுகள் அடித்தோம். பிளைவீல், கிளட்ச், டைனமோ பட்டை, ஆக்சிலேட்டர் கம்பி, பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் முடித்து, கோடு போட்டு அடித்துவிட்டு, எஞ்சினை ஜீப்புக்குள் இறக்கினோம். மஸ்லின் துணியில் வடிகட்டிய ஏரித் தண்ணீரை ஊற்றினேன்; கலங்கலானாலும் அது மழைத் தண்ணீர், சுண்ணாம்பு இல்லை. முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழைய எஞ்சினுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, அடித்தொண்டையில் பேசும் ஆள் மாதிரி.

டிரையல் அன்று சார் வந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னார். டம்ளரில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தார். லேசான செம்மண் நிறம்.

"இது என்ன கருமம்?"

"ஏரித் தண்ணி சார்."

"எறக்குங்கடா. டிரம்முல இருந்து ஊத்துங்க."

சின்னதுரை என்னைப் பார்த்தார். ஊற்றச் சொல்லித் தலையசைத்தேன். ஒரு முறை ஊற்றும் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு ஒரு நாளில் எதையும் அடைக்காது. தினமும் ஊற்றி ஊற்றிச் சேர்வதுதான் வியாதி. உள்ளே சுத்தமாக இருக்கும் எஞ்சின் அன்று கொதிக்காது என்று எனக்குத் தெரியும்.

கொதிக்கவில்லை. எந்த இடத்தில் முந்தைய எஞ்சின் செத்ததோ அந்த ஏற்றத்தை இரண்டாவது கியரில் நிதானமாக ஏறியது. மேலே போய் நிறுத்தினோம். ரேடியேட்டர் அமைதியாக இருந்தது. சின்னதுரை ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோதண்டபாணி சார் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார்.

"என்ன வசந்தா, என் தண்ணிதானே ஊத்துனோம்?"

"ஆமா சார்."

"கொதிச்சுதா?"

"இல்லை சார்."

"அப்ப தண்ணியில ஒண்ணும் இல்லை. போன தடவை தண்ணியே இல்லை. நான் சொன்னது சரியாப் போச்சா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொதித்திருந்தால் சின்னதுரை வேலை போயிருக்கும். கொதிக்காததாலும் போகப் போகிறது. நாங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தோமோ அவ்வளவு உறுதியாக அவர் குற்றவாளி ஆகிவிட்டார். இறங்கும் வழி முழுவதும் சார் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பின் சீட்டில் பாய் என் பக்கம் குனிந்து, "நாம கொஞ்சம் மோசமா வேலை செஞ்சிருக்கலாமோம்மா?" என்றார்.

அடுத்த வாரம் செயற்பொறியாளர் வந்தார். பெரிய உருவம், அதிகம் பேசமாட்டார்; நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். திருச்சியிலிருந்து வந்தவர் பாடாலூரில் துளைபோடும் ரிக் லாரி ஒன்று நிற்பதைப் பார்த்து இறங்கி, அதில் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அவர் அப்படிப்பட்டவர் என்று பாய்க்குத் தெரியும். எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அதனால் நான் டிரம் பக்கத்தில் இரண்டு வாளி வைத்திருந்தேன். ஒன்றில் டிரம் தண்ணீர், அடியில் இருக்கும் பெயின்ட் கீறல்வரை தெரிந்தது. இன்னொன்றில் ஏரித் தண்ணீர், கலங்கல். நடுவில் புதுச் சோப்பு. இதைப் பொறி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். கை கழுவாதவர் ஒருவரும் அதில் மாட்டியிருக்க முடியாது.

பெரியவர் ஜீப்பைப் பார்த்தார். எஞ்சின் மாற்றத்தைப் பற்றி என்னிடம் நாலைந்து கேள்வி, எல்லாம் சரியான கேள்விகள். பிளைவீலை மாற்றியதைக் கேட்டு "நல்லது" என்றார். பிறகு சார் சின்னதுரையின் விஷயத்தைத் தொடங்கினார்.

"கையக் கழுவிட்டு வரேன்" என்றார் பெரியவர்.

யாராயிருந்தாலும் தெளிந்த தண்ணீரைத்தான் எடுப்பார்கள். அவரும் எடுத்தார். சோப்பைத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். கிரீஸ் அப்படியே இருந்தது, மேலே வெள்ளைத் திட்டு. கையை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பக்கத்து வாளியைப் பார்த்தார். அதில் கையை விட்டுத் தேய்த்தார். நுரை முழங்கை வரை ஏறியது.

பெரியவர் தலையைத் தூக்கினார்.

"இது எந்த ஊர்த் தண்ணி?"

"அரியலூர் சார்" என்றார் கோதண்டபாணி சார். பெருமையாகத்தான் சொன்னார், பாவம். "பள்ளத்துத் தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"எதுக்கு வச்சிருக்கீங்க?"

"ரேடியேட்டருக்கு சார்."

பெரியவர் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நான் அப்போது அந்த வெள்ளைக் கல்லை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். எந்த எஞ்சினின் எந்த இடத்தில் இருந்தது என்பதை மட்டும் சொன்னேன். ஒரு சொட்டு அமிலம் விட்டேன். கல் சீறியது.

"கோதண்டபாணி" என்றார் பெரியவர். "நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு என்ன வேலை?"

"தண்ணி சார்."

"ம்" என்றார் பெரியவர்.

சாருடைய அதே "ம்". ஆனால் அதற்குள் இருந்தது வேறு.

கதை இங்கே முடிந்து நியாயம் வென்றது என்று நினைப்பவர்கள் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்கள். சின்னதுரைக்கு வந்த உத்தரவில், குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது என்று இல்லை. இனி கவனமாக இருக்கும்படி எச்சரித்து விடப்படுகிறார் என்று இருந்தது. செய்யாத தவற்றுக்கு மன்னிப்பு. நான் அதைப் படித்துக் கொதித்துப்போனேன். சின்னதுரையோ ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "விட்டுட்டாங்கள்ல, அது போதும்மா. வூட்ல எல்லாம் அழுதுட்டாங்க." சில மாதத்தில் நிரந்தரமானார்.

டிரம்மில் ஏரித் தண்ணீர் வந்தது. அதற்கான சுற்றறிக்கையைக் கோதண்டபாணி சாரே எழுதினார், தாமே ஆராய்ந்து கண்டுபிடித்ததுபோல. காலைச் சடங்கும் நிற்கவில்லை. டம்ளருக்குப் பதில் இப்போது ஒரு வாளி. டிரைவர் சோப்புப் போட்டு நுரை வரவழைக்க வேண்டும். சார் மூன்றடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி நுரையைப் பார்ப்பார். அப்போதும் தொடமாட்டார்.

சின்னதுரை மட்டும் யாரும் சொல்லாமலே ஒன்று செய்தார். வெளியூர் போகும்போது, ரேடியேட்டருக்கு எந்த ஊரில் தண்ணீர் வாங்கினாலும் முதலில் தன் கையை அதில் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்ப்பார். நுரைத்தால்தான் ஊற்றுவார். கிணற்றடியில் பெண்கள் கேலி செய்வார்களாம், "என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று. அவர் கவலைப்பட்டதில்லை. அந்தத் தப்பான எஞ்சின் அவர் ஓய்வுபெறும்வரை ஓடியது. ஒரு நாளும் கொதிக்கவில்லை.

இவ்வளவையும் கார்த்திக்கிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சூப்பர் மேடம்" என்றார். ஆனாலும் வண்டிக்கு உரிய மாடல் எஞ்சினைத் தேடிப்பிடித்துவிட்டாராம், இதை எடுத்துவிடப் போகிறாராம். அது அவர் இஷ்டம். எந்த எஞ்சினை வைத்தாலும் ரேடியேட்டருக்கு என்ன ஊற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டு போர் தண்ணிதான் மேடம். கிரிஸ்டல் கிளியரா இருக்கும்."

"ஒரு வேலை பண்ணுங்க தம்பி. எஞ்சின் வேலை முடிஞ்சதும், அழுக்குக் கையை அந்தத் தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிப் பாருங்க."

அவர் சிரித்தார்.

"என் கை எங்க மேடம் அழுக்காகப் போகுது? எல்லாம் மெக்கானிக் பாத்துக்குவாரு."

அந்தச் சோப்பு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு அனுப்பி வைக்கும்படி விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.